99 சதவீத வெற்றி: எண்ணியவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்திலும் பாபநாசம், திருவிடைமருதூர் வட்டங்களிலும் வீடு வீடாகப் போய்ச் சிகிச்சை தரும் இயன்முறை சிகிச்சையாளர் நான். இந்தப் பக்கத்தில் என்னை ‘எக்சர்சைஸ் டாக்டரம்மா’ என்பார்கள். நான் டாக்டர் இல்லை என்று சொன்னாலும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பக்கங்களைப் படித்தேன். பாதி விளம்பரம். மீதிப் பாதியும் விளம்பரத்தின் குரலில்தான் பேசியது. ‘99 சதவீத வெற்றி’, ‘அன்றைக்கே நடக்கலாம்’, ‘ரோபோவின் துல்லியம்’. அந்த 99-ஐ எண்ணியவர் யார், எப்போது எண்ணினார், எதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார் என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

நான் அறுவை சிகிச்சைக்கு எதிரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நாற்று நட்டே முழங்கால் தேய்ந்து, கால் வில்லாக வளைந்து, வாசற்படி தாண்டச் சுவரைப் பிடித்த பெண்கள், மாற்று மூட்டு வைத்த பிறகு ரேஷன் கடைக்குத் தாமே பையோடு போய்வருவதைப் பார்க்கிறேன். இடுப்பு மூட்டில் பலன் இன்னும் கண்கூடு. நன்றாக அமைந்துவிட்டால், சில மாதங்களில் அறுவை செய்த நினைவே அவர்களுக்கு இருப்பதில்லை. முழங்கால் அப்படி மறக்க விடாது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், முழங்கால் மாற்றிக்கொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமக்கு முழுத் திருப்தி இல்லை என்கிறார். எக்ஸ்ரேயில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். இரவில் வலிக்கும், படி இறங்கப் பயமாக இருக்கும்.

தையல் பிரித்து, வாக்கரைப் பிடித்து வார்டு வாசல் வரை நடந்துவிட்டால் மருத்துவமனைக்கு அது வெற்றி. என் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

பாபநாசம் பக்கம் ஒரு வீடு. அறுவை முடிந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆன பிறகுதான் கூப்பிட்டார்கள். அந்த அம்மா கட்டிலில் படுத்திருந்தார். முழங்காலுக்கு அடியில் இலவம்பஞ்சுத் தலையணை. மருமகள் பாசமாக வைத்தது. வலிக்கும் காலுக்கு அது இதமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மடக்கிலேயே தசையும் தழும்பும் இறுகிவிடும். தலையணையை எடுத்துவிட்டுக் கோணமானியை வைத்துப் பார்த்தேன். கால் முழுதாக நீளவில்லை. 15 பாகை மடக்கிலேயே நின்றது. மடக்கச் சொன்னால் 70 பாகைக்கு மேல் வரவில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழவே 90 பாகைக்கு மேல் வேண்டும். மருத்துவமனை கொடுத்த பயிற்சித் தாள் பையில் மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது, முழுக்க ஆங்கிலம். “நல்லா ஆகிவிடும், வீட்டிலேயே பயிற்சி செய்யுங்கள் என்றார்கள்” என்றார் மகன். எந்தப் பயிற்சி என்று கேட்டேன். காலை ஆட்டச் சொன்னார்களாம்.

இப்படி இறுகிய மூட்டை மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிடும் வழி ஒன்று உண்டு. முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் அது நன்றாகப் பலிக்கும். பிறகு தழும்பு கெட்டிப்பட்டுவிடும். அந்த மூன்று மாதத்தில் மருத்துவமனையிலிருந்து யாரும் அழைத்து விசாரிக்கவில்லை. கார் வாடகைக்குப் பயந்து இவர்களும் போகவில்லை. விளம்பரக் கணக்கில் அந்த அம்மாவும் வெற்றிதான்.

கிருமித் தொற்று இன்னும் கொடுமை. நல்ல மையங்களிலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு அது வரத்தான் செய்யும். சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். தையல் போட்ட இடத்தில் நீர் கசிந்தால் மஞ்சள் பற்றுப் போடாமல் அன்றே அறுவை செய்த மருத்துவரிடம் ஓட வேண்டும். முதல் சில வாரங்களுக்குள் என்றால் திறந்து கழுவி, நடுவிலுள்ள பிளாஸ்டிக் பகுதியை மட்டும் மாற்றி மூட்டைக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது. தாமதமானால் வைத்ததையெல்லாம் கழற்றி எடுத்து, ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட் கட்டியை இடைக்காலத்துக்கு வைத்து, வாரக்கணக்கில் ஊசி போட்டு, பிறகு மறுபடியும் புது மூட்டு. எனக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் இந்தப் பாடு அத்தனையும் பட்டார். முதல் அறுவை ஒரு நகரத்தில். கழற்றியதும் மாற்றியதும் வேறு நகரத்தில், வேறு மருத்துவமனையில். முதல் மருத்துவமனைக்கு இன்றுவரை இது தெரியாது. அங்கே அவர் தையல் பிரித்து நல்லபடியாக வீட்டுக்குப் போனவர். இரண்டாவது மருத்துவமனையில் புது நோயாளி. இரண்டு இடத்துப் பதிவையும் ஒருசேரப் பார்க்க ஆளில்லாத நாட்டில் எத்தனை சதவீதத்தையும் அச்சடிக்கலாம்.

இடுப்பு மூட்டில் பந்து கிண்ணத்திலிருந்து நழுவுவது உண்டு. குளியலறையில் விழுந்து எலும்பு முறிந்து, பந்து மாற்றிக்கொண்டு வீடு திரும்பும் முதியவரைத் தரைமட்டக் கழிப்பறையில் குந்த விட்டால் இது நேரக்கூடும். ரத்தக் கட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறுவைக்குப் பிறகு கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவ ஆள் கூப்பிடுகிறார்கள். நீவுவது அந்தக் கட்டியை நுரையீரலுக்கு அனுப்பி வைக்கிற வேலை.

புது வீட்டுக்குப் போனால் முதல் வேலையாக மருத்துவப் பையைக் கேட்பேன். ஜவுளிக்கடைப் பை ஒன்று வரும். உள்ளே எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைச் சீட்டு, மருந்துக் கடை ரசீது, கூடவே மிக்சியின் உத்தரவாத அட்டை. மிக்சி அட்டையில் நிறுவனம், மாடல், வரிசை எண், கடைக்காரர் முத்திரை எல்லாம் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘வலது முழங்கால் முழு மூட்டு மாற்று செய்யப்பட்டது’ என்று ஒரே வரி. எந்த நிறுவனத்தின் மூட்டு, என்ன அளவு, எந்தத் தொகுதி எண் (பேட்ச் நம்பர்), ஒன்றும் இருக்காது. இத்தனைக்கும், அறுவை அரங்கில் மூட்டுப் பெட்டியைப் பிரிக்கும்போதே இந்த விவரமெல்லாம் அச்சிட்ட ஒட்டுச்சீட்டுகள் சேர்ந்து வருகின்றன. கேஸ் ஷீட்டில் ஒன்றை ஒட்டுகிறார்கள். இன்னொன்றை நோயாளியின் தாளில் ஒட்ட ஒரு நிமிடம் ஆகுமா?

அது இல்லாததால் வந்த வினையை இந்த நாடு ஒருமுறை பார்த்திருக்கிறது. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் டெபூய் நிறுவனம் விற்ற ஏ.எஸ்.ஆர். என்ற இடுப்பு மூட்டில் உலோகமும் உலோகமும் உரசி, கோபால்ட், குரோமியம் துகள்கள் உடலில் கலந்து, சுற்றியிருந்த தசையை அரித்தன. யாருக்கு எந்த மூட்டு வைத்தார்கள், பிறகு அதைக் கழற்ற வேண்டிவந்ததா என்று குறித்துவைக்கும் மூட்டுப் பதிவேடு ஆஸ்திரேலியாவில் 1999 முதல் உண்டு. இந்த மூட்டைத்தான் மறுபடி மறுபடி கழற்ற வேண்டியிருக்கிறது என்று அந்தப் பதிவேடு காட்டிக்கொடுத்தது. 2009 டிசம்பரில் அங்கே விற்பனையை நிறுத்தினார்கள். 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகளில் அது பொருத்தப்பட்டிருந்தது. அவர்களில் ஆயிரத்துச் சொச்சம் பேரைத்தான் தேடிப் பிடிக்க முடிந்தது. மத்திய அரசு 2017-இல் அமைத்த நிபுணர் குழு, பாதிக்கப்பட்டவருக்குக் குறைந்தது 20 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. கைக்குச் சிக்காத மற்றவர்களுக்கு அந்தப் பணம் எந்த விலாசத்துக்குப் போகும்? தம் இடுப்பில் இருப்பது அந்த மூட்டு என்று தெரியாமலே வலியோடு காலம் தள்ளியவர்கள் அவர்களில் எத்தனை பேரோ.

“இது எத்தனை வருடம் வரும், டாக்டரம்மா?” என்று கேட்காத வீடு இல்லை. 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளைச் சொல்வேன்: 25 ஆண்டுகள் தாங்கியவை முழங்காலில் 82 சதவீதம், இடுப்பில் 58 சதவீதம். அந்த எண்கள் ஆஸ்திரேலியாவின், பின்லாந்தின் பதிவேடுகளிலிருந்து வந்தவை. அந்த ஊர்க்காரர்கள் தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடுவதில்லை, குந்திக் கோலம் போடுவதில்லை, சேற்றில் இறங்குவதில்லை. நம் பெண்களின் முழங்காலுக்கு ஆயுள் எவ்வளவு என்று கேட்டால் நான் எதைப் பார்த்துச் சொல்வது?

இந்திய மூட்டு அறுவை மருத்துவர்களின் சங்கம் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. விருப்பமுள்ளவர் தகவல் தரலாம். விருப்பமில்லாதவர்களின் கணக்குத்தான் நமக்கு முதலில் வேண்டும் என்பது என் எண்ணம். நான் மதிக்கும் அறுவை மருத்துவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். கணக்கைக் கட்டாயமாக்கினால் சர்க்கரை முற்றியவர்களையும் உடல் பருத்தவர்களையும், கணக்கு கெட்டுவிடும் என்று எல்லோரும் தட்டிக்கழிப்பார்கள் என்றார். நியாயமான பயம். அதனால் முதலில் எந்த மூட்டு, எந்த மருத்துவமனை என்ற அளவில் மட்டும், நோயாளியின் மற்ற உபாதைகளையும் கணக்கில் எடுத்து வெளியிடட்டும். ஸ்வீடன் முழங்காலுக்கு 1975-லும் இடுப்புக்கு 1979-லும் பதிவேடு தொடங்கியது. அதற்காக அங்கே யாரும் கத்தியைக் கீழே வைத்துவிடவில்லை.

தமிழ்நாட்டுக்கு இது புதிய வித்தையும் இல்லை. அடையாறு புற்றுநோய் மையம் 1981 முதல் சென்னைக்குப் புற்றுநோய்ப் பதிவேடு வைத்திருக்கிறது. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் ஏன் என்று விசாரித்து எழுதிவைக்கும் வழக்கம் இங்கே எப்போதோ வந்துவிட்டது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் நடக்கும் ஒவ்வொரு மூட்டு அறுவைக்கும் பணம் கொடுப்பது அரசு. யாருக்கு, எங்கே, எப்போது என்பது அதன் கையில் ஏற்கெனவே இருக்கிறது. பணத்தை விடுவிக்கும் முன் ஒட்டுச்சீட்டு விவரத்தையும் கேட்டு வாங்கினால் போதும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் வீட்டுக்கே போகிறார்கள். அறுவையான ஆறாவது வாரத்திலும் ஓராண்டிலும் கால் எவ்வளவு மடங்குகிறது, வலி இருக்கிறதா, மறு அறுவை நடந்ததா என்று அவர்கள் குறித்துவந்தால் விளம்பரத்தின் 99-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க நம்மிடமும் ஓர் எண் இருக்கும். 2017-இல் முழங்கால் மூட்டுக்கு உச்ச விலை வைத்தபோது, சாதாரண வகைக்கு 54,720 ரூபாய், வரி தனி என்று ரூபாய் சுத்தமாகக் கணக்கிட்டதுதானே மத்திய அரசு? அந்த மூட்டு யார் காலுக்குப் போனது, அங்கே என்ன ஆனது என்பதையும் அரசுகள் எழுதிவைக்கட்டும்.

இன்னொரு விநோதம். உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்கின்றன 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதிகள். இருபது ஆண்டு உடலில் இருக்க வேண்டிய பொருளுக்கு மூன்றாண்டுக் கோப்பு. அதே விதிகளில், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்றும் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. அறுவை செய்துகொண்ட வாசகர்கள் மூட்டின் நிறுவனம், மாடல், தொகுதி எண்ணைக் கேட்டு மருத்துவமனைக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். இனிமேல் செய்துகொள்ளப் போகிறவர்கள் டிஸ்சார்ஜ் அன்றே ஒட்டுச்சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டு தாண்டியவர்களும் சும்மா இருக்க வேண்டாம். பழைய கோப்புகளை மூட்டை கட்டிப் பரணில் போட்டிருக்கும் மருத்துவமனைகள் உண்டு, கேட்டால் எடுத்துத் தருகிறவர்களும் உண்டு.

என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சின்ன ஊர், நான் போய்வரும் வீடுகள் எவை என்று உடனே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர்,
கும்பகோணம்.