என் விரலும் ஏமாந்தது

மதிப்பிற்குரிய உளவியல் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். ஊனத்தையும் உளவியலையும் சேர்த்துப் படிக்க ஒரு விருப்பப் பாடம் கேட்டு நாங்கள் கொடுத்த மனு உங்களிடம்தான் இருக்கிறது. முன்கதை வேண்டாம். போன வாரம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அன்று ஆய்வகத்தில் முல்லர்-லயர் சோதனை. ஒரே நீளக் கோடுகளை, முனையில் உள்ள அம்புகளால் வேறு வேறு நீளமாகக் காட்டி, 1889-இலிருந்து எல்லோரையும் ஏமாற்றிவரும் அதே அம்புக்கோடுகள். நான் பார்வையற்றவள். "நீ உட்காரும்மா, இது கண்ணால செய்யறது. ரீடிங்கை யார்கிட்டயாவது வாங்கி ரெக்கார்டுல எழுதிடு, மார்க் போட்டுடறேன்" என்றார் ஆசிரியர். அன்பாகத்தான் சொன்னார். இரண்டு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து, மற்றவர்கள் அளவு சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் யாரோ ஒருத்தியின் கண் ஏமாந்த கணக்கை என் பெயரில் எழுதிக் கொடுத்தேன். முழு மதிப்பெண்!

அன்று இரவு அம்மாவிடம் சொல்லி, ஓர் அட்டையில் ஒரே நீளத்தில் இரண்டு ஈர்க்குச்சிகளை ஒட்டவைத்தேன். ஒன்றின் முனைகளில் அம்புத்தலை, இன்னொன்றில் வெளியே விரியும் வால். தடவிப் பார்த்தால் வால் வைத்ததுதான் நீளம் என்றது விரல். இந்த மாயை தொடுதலிலும் உண்டு, பார்வையற்றவர்களுக்கும் உண்டு என்று ஆய்வுகள் எப்போதோ சொல்லிவிட்டன. ஆசிரியரைக் குறை சொல்லவில்லை. அவர் படித்தபோதும் எங்களைப் போன்றவர்கள் மனக்கோளாறுகளைப் பற்றிய பிறழ்நிலை உளவியல் தாளில் ஓர் அலகாகத்தான் வந்திருப்போம்.

இது மாறத்தான் அந்த விருப்பப் பாடத்தைக் கேட்கிறோம். 'ஊனம் வேண்டுமென்றால் சிறப்புக் கல்விக்குப் போ, மனம் வேண்டுமென்றால் இங்கே வா' என்கிறார்கள். உடம்பைச் செருப்போடு வாசலில் கழற்றிவைக்க முடிந்தால் வைத்திருப்பேன். தண்டையார்பேட்டை மெட்ரோவின் தரையில் எனக்கென்று புடைப்புப் பட்டை பதித்திருக்கிறார்கள். ரயில்காரர்களுக்குத் தோன்றியது மனதைப் படித்தவர்களுக்குத் தோன்றவில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களைப் பட்டியலிடுகிறது; கல்லூரிக்கோ மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 அன்று பொன்னாடை போர்த்த மட்டும் நாங்கள் வேண்டும். பொன்னாடை நான்கு சேர்ந்துவிட்டது, போதும்.

சரி, கோபத்தில் நீண்டுவிட்டது, மன்னியுங்கள். வரும் கல்வியாண்டிலேயே அந்த விருப்பப் பாடத்தைத் தொடங்க வேண்டுகிறேன். அடுத்த கூட்டத்துக்கு அழைத்தால் அட்டையைக் கொண்டுவருகிறேன். கண்ணை மூடிக்கொண்டு நீங்களே தடவிப் பாருங்கள்.

பணிவுடன்,
உளவியல் இரண்டாம் ஆண்டு மாணவி,
தண்டையார்பேட்டை