வீட்டுக் கணினியில் கருவிப் பயிற்சி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். விமானியாக விரும்பும் நெல்லைச் சீமைப் பிள்ளைகள் வீட்டுச் சிமுலேட்டரை (கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் மென்பொருளை) வெறும் விளையாட்டென்று ஒதுக்க வேண்டாம். 1929-ல் எட்வின் லிங்க் ஆர்கன் இசைக்கருவியின் துருத்திகளைக் கொண்டு செய்த பயிற்சிப் பெட்டியும் இதே வேலையைத்தான் செய்தது: வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கப் பழக்கியது.

முதலில் மேகத்தை 200 அடிக்கு இறக்குங்கள். பார்வை செயற்கை அடிவானத்தில் (விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவியில்) தொடங்கி ஒவ்வொரு கருவியாகப் போய் மீண்டும் அங்கேயே திரும்பட்டும். ஒரே கருவியில் கண் நிலைத்தால் உயரம் நழுவிவிடும். 90 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் விமானத்தைப் பக்கவாட்டில் சுமார் 14 டிகிரி சாய்த்தால் முழு வட்டத்துக்கு 2 நிமிடம் ஆக வேண்டும். கடிகாரம் வைத்துச் சரிபாருங்கள். 3 டிகிரி சரிவில் இறங்க, தரைவேகத்தை (தரையை ஒப்பிட்ட வேகத்தை) 5-ஆல் பெருக்குங்கள்: 90 நாட் என்றால் நிமிடத்துக்கு 450 அடி இறங்க வேண்டும்.

நம் ஆடி மேல்காற்றையே பாடமாக்கலாம். மேற்கிலிருந்து 20 நாட் காற்று வைத்து அதே 90 நாட் வேகத்தில் வடக்கே நேர்தடத்தில் போங்கள். மூக்கை இடப்பக்கம் 13 டிகிரி திருப்பாவிட்டால் தடம் கிழக்கே விலகும்.

குறைகளும் உண்டு. ஸ்பிரிங் ஜாய்ஸ்டிக்கில் டிரிம் செய்யும் (கைப்பிடியில் அழுத்தம் தேவைப்படாதபடி விமானத்தைச் சமன்படுத்தும்) கைப்பக்குவம் வராது. மேகத்துக்குள் உள்காது செய்யும் திசை மயக்கத்தை நாற்காலி தராது. அங்கீகாரம் இல்லாத கணினியில் ஓட்டிய மணிகளைப் பறப்பேட்டில் (விமானியின் பறப்பு நேரப் பதிவேட்டில்) சேர்க்க முடியாது. தடுமாறும்போதெல்லாம் பாஸ் (pause) பொத்தானை அழுத்தி நிறுத்துவதுதான் ஆகக் கெட்ட பழக்கம். வானத்தில் அந்தப் பொத்தான் கிடையாது.

இப்படிக்கு,
வாசகர்,
பாளையங்கோட்டை