மாற்றுச் சிறுநீரகம் பெற்ற பெண்களுக்குக் கருத்தரிக்கும் முன்பே ஆலோசனை தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செங்கோட்டை அருகே கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். என் தங்கை மகளுக்கு அவளுடைய தாயே சிறுநீரகம் கொடுத்து, ஆரியங்காவுக்கு அப்பால் கேரளத்தில் ஒரு மருத்துவமனையில் மாற்று அறுவை நடந்தது. மூன்றாண்டுகள் நலமாக இருந்தவள் சென்ற ஆண்டு கருவுற்றாள். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்க அவள் இருவேளையும் விழுங்கிவந்த மைக்கோபினோலேட் மாத்திரை கருச்சிதைவையும், சிசுவுக்குக் காது, உதடு, அண்ணக் குறைபாடுகளையும் உண்டாக்கக்கூடியது என்பது அதன் பிறகே எங்களுக்குத் தெரிந்தது. ஒன்பதாம் வாரத்தில் கரு கலைந்தது. மாத்திரைதான் காரணமா என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆயினும், மணமான பெண் என்று தெரிந்திருந்தும் முன்கூட்டி ஒருவரும் எச்சரிக்கவில்லை என்பது என்னை இன்றும் வருத்துகிறது.

இப்பெண்கள் பிள்ளை பெறவே கூடாது என்று ஊரில் சொல்வதும் தவறு. இரட்டைச் சகோதரியிடம் சிறுநீரகம் பெற்ற எடித் ஹெல்ம் 1958-லேயே அமெரிக்காவில் குழந்தை பெற்றார். திரட்டப்பட்ட ஆய்வுகளின்படி, இத்தகைய கர்ப்பங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்றில் குழந்தை உயிருடன் பிறக்கிறது. ஆனால் பாதிக்குச் சற்றுக் குறைவான குழந்தைகள் குறைமாதத்தில் பிறக்கின்றன, தாய்மாரில் நான்கில் ஒருவருக்கு முன்சூல்வலிப்பு எனும் கர்ப்பகால உயர் ரத்த அழுத்தச் சிக்கல் வருகிறது. ஆகவேதான் அறுவைக்குப் பின் ஓராண்டாவது கழிந்து, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 1.5 மி.கி./டெ.லி.க்குள் நிலைத்து, ரத்த அழுத்தமும் அடங்கியிருக்கையில், மருத்துவர் மேற்பார்வையில் கருத்தரிப்புக்கு 6 வாரங்கள் முன்பே மைக்கோபினோலேட்டை நிறுத்தி நிராகரிப்பைத் தடுக்கும் மற்றொரு மருந்தான அசாதியோப்ரினுக்கு மாறச் சொல்கிறார்கள். பயந்துபோய் எல்லா மாத்திரைகளையும் தாமாகவே நிறுத்திவிட்டால் சிறுநீரகமே பறிபோகும்.

இம்முறை முறையாக மாத்திரை மாற்றிக்கொண்டு, அவள் இப்போது ஆறாம் மாதத்தில் இருக்கிறாள். நிராகரிப்பைத் தடுக்க அவள் சாப்பிடும் இன்னொரு மருந்தான டாக்ரோலிமஸின் ரத்த அளவு கர்ப்பத்தில் இறங்கும் என்பதால் அடிக்கடி சோதிக்க வேண்டியிருக்கிறது. ரத்தம் எடுத்த பிறகே காலை மாத்திரையைப் போட வேண்டும் என்பதால், அதை முந்தானையில் முடிந்துகொண்டு விடிகாலைப் பேருந்தில் மலையைக் கடந்து போகிறாள்.

மாற்று அறுவை செய்யும் மருத்துவமனைகள், கருவுறும் வயதுப் பெண்களுக்கு இவற்றை அவரவர் தாய்மொழியில் எழுதிக் கொடுத்தே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கர்ப்பிணிகளுக்கான அரசின் பிக்மி (PICME) இணையப் பதிவின்போதே உறுப்பு மாற்று நடந்ததா என்று கேட்டறிந்து, சிறுநீரக மருத்துவருக்கும் மகப்பேறு மருத்துவருக்கும் ஒருசேரத் தகவல் அனுப்ப வேண்டும். டாக்ரோலிமஸ் சோதனைக்கான ரத்த மாதிரியைத் தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனையிலேயே கொடுக்க மக்கள் நல்வாழ்வுத் துறை வழிசெய்ய வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
செங்கோட்டை.