கோஸ் பூக்குமா அப்பா?

எடிசன், நியூஜெர்சி
ஜூன் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே மூவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நேற்று கொல்லையில் முதல் கோஸை அறுத்தேன். நம் கோஸ் மாதிரி உருண்டையாக இருக்காது. நுனி கூராக, கூம்பு மாதிரி இருக்கிறது. எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ஏர்லி ஜெர்சி வேக்ஃபீல்ட் என்று பெயர். நான் இருக்கும் இந்த ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்றுதான் விதைப் பொட்டலத்தை எடுத்தேன். மூலம் இங்கிலாந்து. இங்கே ஜெர்சி சிட்டிக்காரரான பீட்டர் ஹெண்டர்சன் என்ற விதை வியாபாரி 1868-லேயே இதை விற்றிருக்கிறார். ஒட்டு ரகம் இல்லை, நாட்டு விதை. எடுத்து விதைத்தால் தாய்ச்செடி மாதிரியே வரும்.

மார்ச் முதல் வாரம் வெளியே பனி கிடந்தது. ஜன்னலோரம் குழித்தட்டில் விதைத்தேன். ஆறாம் நாள் முளைத்துவிட்டது. ஏப்ரல் நடுவில் நடும் முன் ஒரு வாரம் தினமும் தட்டை வெளியே வைத்து, ராத்திரி உள்ளே எடுத்து, குளிருக்குப் பழக்க வேண்டும். பாப்பாவுக்கு அதுதான் வேலை. "செடி ஸ்கூலுக்குப் போயிட்டு வந்துடுச்சு" என்பாள்.

ஒன்றேகால் அடி இடைவெளியில் 12 நாற்று நட்டேன். நாலாம் நாள் காலையில் எழுந்து பார்த்தால் உறைபனி. இலையெல்லாம் கண்ணாடி மாதிரி விறைத்து நின்றது. போச்சு என்று நினைத்தேன். பத்து மணி வெயிலில் ஒவ்வொன்றாக இளகி நிமிர்ந்தது. ஒன்றுகூடச் சாகவில்லை அப்பா. நம் கத்தரியோ மிளகாயோ அந்தக் காலையைத் தாண்டியிருக்காது.

மே மாதம் வெள்ளை வண்ணத்துப்பூச்சி வந்தது. இலைக்கு அடியில் முட்டை இட்டு, இலை நிறத்திலேயே பச்சைப் புழு. மருந்து அடிக்கவில்லை. காலையில் காபிக்கு முன் இலையைத் திருப்பித் திருப்பிப் பொறுக்கினேன், பிறகு மெல்லிய வலைத்துணி போர்த்தினேன். நட்டு 65 நாளில் அறுப்பு. பெருமழை பெய்தால் வெடித்துவிடும் என்பதால் முற்றியதை விட்டுவைக்கக் கூடாது. உங்கள் மருமகள் தேங்காய் போட்டுப் பொரியல் செய்தாள். இனிப்பாக இருந்தது, வேகவும் நேரம் ஆகவில்லை.

சின்ன வயதில் ஒரு கேள்வி கேட்பேனே, நினைவிருக்கிறதா? அவரை, வெண்டைக்கெல்லாம் வீட்டிலேயே விதை எடுக்கிறோம், கோஸுக்கு மட்டும் ஏன் ஒவ்வொரு போகமும் கடைக்குப் போகிறோம் என்று. "அது குளிர் ஊர்ச் செடி, நம்மகிட்ட பூக்காது" என்றீர்கள். அப்போது எனக்குப் பிடிபடவில்லை. வளர்ந்த செடி சில வாரமாவது நல்ல குளிரில் கிடந்தால்தான் மறு வசந்தத்தில் தண்டு விட்டுப் பூக்குமாம். ஒட்டன்சத்திரம் வெயிலுக்கு அது எங்கே நடக்கும்? நீங்கள் சொன்னது முழுக்கச் சரி.

அதனால் ஜூலையில் மறுபடி விதைக்கப் போகிறேன். இவை அறுக்க இல்லை, விதைக்கு. ஒரே செடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது என்பதால் ஏழெட்டுச் செடியாவது வேண்டும். டிசம்பருக்கு முன் வேரோடு தோண்டி, வீட்டுக்கு அடியில் இருக்கும் குளிர்ந்த அறையில் ஈர மணலில் வைத்துவிட்டு, ஏப்ரலில் திரும்ப நடுவேன். பக்கத்தில் வேறு கோஸோ புரோக்கோலியோ பூக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கலந்துவிடும்.

கடுகுப் பூ மாதிரி மஞ்சளாக, நாலு இதழோடு பூக்குமாம். இத்தனை வருஷம் கோஸ் போட்டும் நீங்கள் பார்க்காத பூ. அடுத்த மே மாதம் பூத்ததும் வீடியோவில் காட்டுகிறேன். அன்றைக்கு மார்க்கெட்டுக்குப் போகாமல் வீட்டில் இருங்கள்.

உங்கள் அன்பு மகன்