யார் படிக்கிறார்கள் என்றும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று ஆய்வு முடிவு வந்தாலே ஆசிரியர்களைத்தான் திட்டுகிறோம். வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளை ஒட்டிய பள்ளிகளில் பீகார், ஒடிசா தொழிலாளர்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். நான் பாடம் நடத்திய மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் 47-லிருந்து 19-ஐக் கடன் வாங்கிச் சரியாகக் கழிப்பான். அதையே ‘மீதி எத்தனை மாம்பழம்?’ என்று தமிழில் எழுதிக் கொடுத்தால் திருதிருவென்று விழிப்பான். அவனுக்குக் கணக்கே வராது என்றுதான் பதிவாகும்.

கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள். ஐந்து வகுப்பும் அவர்கள் தலையில்தான். ஒருவர் தலைமையாசிரியர் வேறு. மாணவர் விவரங்களை ‘எமிஸ்’ இணையதளத்தில் பதிவேற்றவே அவருக்கு நேரம் சரியாக இருக்கும். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தர 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆண்டின் நடுவில் வந்து நான்காம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு அந்த இருவரில் யார் அ, ஆ சொல்லித்தருவது?

அடுத்த முறை மதிப்பெண்ணை வெளியிடும்போது, பிள்ளையின் வீட்டு மொழி என்ன, அந்தப் பள்ளியில் எத்தனை மாதம் படித்தது என்பதையும் கல்வித்துறை சேர்த்து வெளியிடட்டும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, திருப்பூர்