காளான் சாறும் கஞ்சித்தண்ணீரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பிதழில் மருத்துவக் காளான் சாறுகளைப் பற்றி வந்த கட்டுரை, ‘ரெய்ஷியோ லயன்ஸ் மேனோ, எல்லாம் காளான்தானே, விலை குறைந்த குப்பியே போதும்’ என்று முடிந்திருந்தது. அச்சுப்பிழையாக இருக்கக்கூடும் என்ற நம்பிக்கையில் அந்த வரியை மூன்று முறை படித்தேன்.

விலை குறைந்த குப்பி ஒன்று என் வீட்டிலும் இருக்கிறது. கோவையிலிருந்து மருமகன் வாங்கிவந்த ரெய்ஷி கேப்சூல். ஒன்றைப் பிரித்து, தூளை வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, இரண்டு சொட்டு அயோடின் விட்டேன். பேனா மை போலக் கறுநீலமாயிற்று. அது மாவுச்சத்து என்று என்னிடம் படித்த எட்டாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும். ‘தானியத்தில் வளர்த்த மைசீலியம்’ (காளானின் அடியில் வேர்போல் பரவும் இழைகள்) என்று குப்பியின் அடியில் எறும்பெழுத்தில் இருந்தது. ‘பாலிசாக்கரைடு 40 சதவீதம்’ என்பது மட்டும் கொட்டை எழுத்தில். பாலிசாக்கரைடு என்பது சர்க்கரை அலகுகள் பல கோத்த சங்கிலி; அரிசிமாவின் மாவுச்சத்தும் பாலிசாக்கரைடுதான் என்பது தாங்கள் அறியாததன்று. பார்க்க வேண்டியது காளானின் செல்சுவரில் உள்ள பாலிசாக்கரைடான பீட்டா குளுக்கனின் அளவு. அதை அந்தக் குப்பியும் சொல்லவில்லை, தங்கள் கட்டுரையும் சொல்லவில்லை.

மைசீலியம் என்றாலே மட்டம் என்று நான் வாதிடவில்லை. லயன்ஸ் மேனில் எரினசின் என்னும் பொருள் மைசீலியத்தில்தான் கிடைக்கிறது. ஹெரிசினோன் என்னும் மற்றொரு பொருள் மேலே முளைக்கும் காளானில் கிடைக்கிறது. ரெய்ஷியிலோ பீட்டா குளுக்கன் வெந்நீரில் இறங்கும், கசப்புத் தரும் ட்ரைடெர்பீன்களுக்கு ஆல்கஹால் வேண்டும். இவையெல்லாம் ஒன்றே என்றால், நீரில் காய்ச்சும் கஷாயமும் புளிக்கவைத்து ஆல்கஹால் ஏறிய அரிஷ்டமும் ஒன்றே என்று எங்கள் பாலக்காட்டு வைத்தியர்களிடம் தாங்களே வந்து சொல்லிப் பாருங்கள். டர்க்கி டெயில் என்னும் காளானை ‘ஜப்பான் அங்கீகரித்த புற்றுநோய் மருந்து’ என்றதும் அரைகுறையே. 1977இல் அங்கே அனுமதி பெற்றது அதிலிருந்து பிரித்தெடுத்த பிஎஸ்கே என்னும் பொருள். கடையில் விற்கும் கேப்சூல் அன்று.

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்ளும் என் மனைவி ரெய்ஷியைத் தொடவே கூடாது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். அந்த எச்சரிக்கைக்கு ஒரு வரி ஒதுக்க முடியாத தங்கள் பக்கத்தில், காளான் கேப்சூல் விளம்பரத்துக்கு அரைப்பக்கம் ஒதுக்க முடிந்திருக்கிறது. சென்ற ஆண்டு சாகா காளான் தேநீரைப் புகழ்ந்தபோதும், அதில் சிறுநீரகக் கல்லுக்கு வழிவகுக்கும் ஆக்சலேட் மிகுதி என்பதைச் சொல்லவில்லை. கிணற்று நீரே உப்புக் கரிக்கும் எங்கள் பகுதியில் சிறுநீரகக் கல்லால் அவதிப்படுவோர் எத்தனை பேர் என்று அப்போதே எழுதினேன். அக்கடிதத்தை நான்கு வரியாகச் சுருக்கி, ஊர்ப்பெயரை நீக்கி, ‘ஒரு வாசகர், கேரளா’ என்று போட்டீர்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் ஊர்களுக்குப் பெயர் கிடையாது போலும்.

நான் வேண்டுவது இரண்டே வரித் திருத்தம்: குப்பியில் காளானா மைசீலியமா என்பதையும், எதில் சாறு இறக்கினார்கள் என்பதையும், பீட்டா குளுக்கன் அளவையும் பார்த்து வாங்குக, வேறு மருந்து உண்போர் மருத்துவரைக் கேட்டபின் உண்க. அதை அந்த விளம்பரம் வந்த அதே பக்கத்தில் வெளியிட்டால் நன்றியுடையவனாவேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.