பருவ இறுதிக் கடிதம்: காலைப் பயிற்சி நேரம் குறித்தும்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

இந்தப் பருவம் நல்லபடியாக முடிந்தது. தேர்வு முடிவுகள் திருப்தி, ஆண்டு விழா குறையின்றி நடந்தது, கூடைப்பந்து, கைப்பந்து அணிகள் பரிசுகளோடு திரும்பின. எல்லோருக்கும் பாராட்டுகள்.

அணி மாணவியர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காலைப் பயிற்சி 6.30க்குத் தொடங்குகிறது; பலர் 6.50க்குத்தான் வந்து இறங்குகிறார்கள். பந்தை எடுப்பதே அப்போதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். அந்த 20 நிமிடமும் முழங்காலுக்கானது.

பூப்பெய்திய பின் பெண்களுக்குத் தொடையின் முன்தசை வலுக்கும் வேகத்துக்குப் பின்தசை பெரும்பாலும் ஈடுகொடுப்பதில்லை. குதித்து இறங்கும்போது முன்தசை கீழ்க்கால் எலும்பை முன்னே இழுக்கும். பின்னாலிருந்து பிடித்து நிறுத்தும் தசைக்கு வலு போதாவிட்டால் பாரம் முழங்காலுக்குள் எலும்புகளை இணைத்துப் பிடிக்கும் ஏ.சி.எல். தசைநார் மீது விழும். ஒரே விளையாட்டில் பையன்களைவிடப் பெண்களுக்கு அந்த நார் அதிகம் கிழிவதற்கு இதுவும் ஒரு காரணம். அறுவை சிகிச்சை செய்தால் களத்துக்குத் திரும்பப் பொதுவாகக் குறைந்தது 9 மாதம். வீட்டில் உட்கார்ந்து எழும் பயிற்சி செய்கிறாளே என்று சிலர் சொன்னீர்கள். நல்லதுதான், ஆனால் அதன் பலன் பெரும்பாலும் முன்தசைக்கே போகிறது.

இரு கால்களுக்கும் உள்ள வித்தியாசத்தையும் பார்க்கிறோம். ஒற்றைக்காலில் தாவி, அதே காலில் 2 விநாடி ஆடாமல் நிற்க வேண்டும்; காலுக்கு 3 முறை, நீளமான தாவலே கணக்கு. ஒன்று 150 செ.மீ., மற்றது 129 என்றால் 86 சதவீதம். 90க்குக் கீழே இருந்தால் ஒற்றைக்கால் பயிற்சியில் வலுக்குறைந்த கால் முதலில். அது எத்தனை முறை செய்ததோ அத்தனைதான் மற்றதற்கும். பின்தசைக்கு, தோழி கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, மண்டியிட்டு மெல்ல முன்னே சாய வேண்டும். முதல் வாரம் 5 முறை, 2 சுற்று போதும். எடுத்த எடுப்பில் 15 என்று போனால் மறுநாள் படியிறங்க முடியாது. விட்டு விட்டுச் செய்பவர்களுக்கு அந்த வலி ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தொடங்கும்.

ஆகவே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: அடுத்த பருவம் முதல் 6.35க்குப் பின் வரும் மாணவிக்கு அன்று ஆட்டம் கிடையாது. அணித்தலைவிக்கும் இதேதான். முழங்காலில் வீக்கமோ வலியோ இருந்தால் மறைத்து அனுப்பாதீர்கள். மருத்துவர் பார்த்த பிறகே தாவல் சோதனை.

விடியுமுன் எழுந்து பிள்ளையைக் கிளப்பி அழைத்து வருவது எளிதல்ல என்பது தெரியும். சிரமம் இருந்தால் விளையாட்டு ஆசிரியையிடம் சொல்லுங்கள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து வர வழி செய்வோம். இதுவரை நேரம் தவறாமல் அழைத்து வந்த பெற்றோருக்கு மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்